நாலு வாரத்தில் குணம்: மறுவாழ்வு மையங்களின் பழைய கதை

2019 ஜூன் மாசம், ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். பெரியம்மா போன் பண்ணாங்க. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டி வருதுடா. நீ அஞ்சரைக்கெல்லாம் வந்துடு. அண்ணன்கிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இரு. அவன் வெளியே கிளம்பிடாம பாத்துக்கிட்டா போதும்."

நான் போனேன். உலகக் கோப்பை நடந்துகிட்டிருந்த சமயம், அதனால பேச விஷயத்துக்குப் பஞ்சமில்ல. ஆறு மணிக்கு நாலு பேர் வந்தாங்க. ரெண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடிச்சாங்க. வண்டியில ஏறும்போது அண்ணன் அந்த நாலு பேரையும் பார்க்கல, அவங்க அம்மாவையும் பார்க்கல. என்னைத்தான் பார்த்தான்.

அந்த டி-அடிக்‌ஷன் சென்டரை நாங்க எப்படித் தேர்ந்தெடுத்தோம்? ஒரு நோட்டீஸ். 'நூறு சதவீதம் குணம்'னு போட்டிருந்தது. போன் பண்ணினா, மூணு மாசத்துக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, வண்டி நாங்களே அனுப்புறோம், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்கன்னு சொன்னாங்க. வீட்ல ஒருத்தர்கூட அந்த இடத்தை நேர்ல போய்ப் பார்க்கல. ஒரு ஃபிரிட்ஜ் வாங்கணும்னா மூணு கடை ஏறி இறங்குற குடும்பம் எங்களுடையது.

அதுக்கப்புறம்தான் இந்த மையங்களோட வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. நாங்க எதையெல்லாம் நம்பி ஏமாந்தோமோ, அதையெல்லாம் நம்பி நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏமாந்திருக்கு. இன்னிக்கு எபிசோட் அந்தக் கதைதான். பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கும். ஏன்னா, குடியை விடறதுக்குன்னே தனியா ஒரு இடம், அங்கே தங்கி குணமாகித் திரும்பலாம் என்கிற யோசனை பெரிய தொழிலாக வளர்ந்தது அங்கேதான். கடைசியில் நம்ம ஊருக்கு வருவோம்.

முதல் முயற்சி அரசாங்க அளவில்தான் நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில், குடிநோயாளிகளுக்கென்றே 1864இல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். பார்க்க கோட்டை மாதிரி இருக்கும். ஆனா நிர்வாகத் தகராறு, பணத் தகராறு. இருபது வருஷம்கூடத் தாங்காமல் அது மனநல மருத்துவமனையாக மாறிப்போச்சு. அதை அங்கேயே விட்டுடலாம். நமக்கு வேண்டியவர் டாக்டர் லெஸ்லி கீலி.

கீலி அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். 1879இல், சிகாகோவுக்குத் தென்மேற்கே ரயில் பாதையில் இருந்த டுவைட் என்ற சின்ன ஊரில் ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பித்தார். குடிப்பழக்கம் ஒரு நோய், அதை என்னால் குணப்படுத்த முடியும் என்று விளம்பரம் செய்தார். அதுல முதல் பாதி அந்தக் காலத்துக்குப் பெரிய வார்த்தை. குடிகாரன்னா ஒழுக்கம் கெட்டவன், பாவம் செய்தவன் என்று பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்த ஊர்ல, ஒரு டாக்டர் வந்து இது நோய் என்கிறார். ஜனங்க கேட்கத்தானே செய்வாங்க?

ரெண்டாவது பாதிதான் வியாபாரம். அவருடைய மருந்தின் பெயர் 'டபுள் குளோரைட் ஆஃப் கோல்டு'. தங்கத்தில் செய்த மருந்து என்றார். செய்முறை ரகசியம். தினம் நாலு வேளை ஊசி, இடையிடையே குடிக்க டானிக். மொத்தம் நாலு வாரம். புதுசா வந்தவருக்கு முதல் சில நாள் கேட்கிற அளவு விஸ்கியும் கொடுப்பார்கள், அவரே வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும். வந்தவர்களில் 95 சதவீதம் பேர் குணமாகிறார்கள் என்று கீலி அறிவித்தார்.

ஒரு பத்திரிகை முதலாளி இதைச் சோதித்துப் பார்த்தார். சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் ஜோசப் மெடில். கீலிக்கே சவால் விட்டு, ஊரில் திருந்தவே மாட்டார்கள் என்று பெயரெடுத்த சில குடிகாரர்களை டுவைட்டுக்கு அனுப்பினார். அவர்கள் மனிதர்களாகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்று தன் பத்திரிகையிலேயே எழுதினார். 1891இல் கீலியின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. சில வருஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள். லண்டனில்கூட ஒன்று.

அதே 1891இல் இன்னொன்றும் நடந்தது. ஜான் மைன்ஸ் என்று ஒரு எழுத்தாளர் டுவைட்டுக்குப் போய்த் தங்கித் திரும்பி, குடிநோய் குணமாகக்கூடியதுதான் என்று ஒரு பெரிய பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அப்படியே விளம்பரத்துக்குப் போட்டுக்கலாம், அந்த மாதிரிக் கட்டுரை. அது வந்த சில வாரங்களில் மறுபடி குடிக்க ஆரம்பித்தார். நியூயார்க்கில் பிளாக்வெல்ஸ் தீவில், போக்கிடம் இல்லாதவர்களை அடைத்து வைக்கும் இடத்தில், இறந்துபோனார்.

கீலி இதுக்கு என்ன பதில் சொன்னார் தெரியுமா? என் மருந்து நோயைக் குணப்படுத்திவிடும். குணமான பிறகு ஒருவர் மறுபடி குடித்தால், அது அவராக விரும்பிச் செய்வது, மருந்தின் தோல்வி கிடையாது. அவ்வளவுதான். இந்தக் கணக்குல 95 என்ன, நூறே போடலாம்.

அந்த மருந்தை வேதியியலாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தங்கத்தின் சுவடே இல்லை என்றவர்கள் உண்டு. ஆல்கஹாலும், அட்ரோபின், ஸ்ட்ரிக்னின் போன்ற சரக்குகளும் இருந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. கீலி கடைசி வரைக்கும் செய்முறையைச் சொல்லவில்லை. 1900இல் பெரும் பணக்காரராக இறந்தார்.

சரி, அப்போ முழுக்க மோசடியா? இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடிச்சுப்போனது. டுவைட்ல கதவுக்குப் பூட்டு கிடையாது. ஆட்கள் தெருவில் சுதந்திரமாக நடந்தார்கள், ஊர்க்காரர்கள் வீடுகளில் வாடகைக்குத் தங்கினார்கள். தினம் நாலு தடவை ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். வரிசைன்னா என்ன நடக்கும்? பேச்சு நடக்கும். வங்கி அதிகாரியும் விவசாயியும் அடுத்தடுத்து நின்று, எனக்கு இப்படி ஆச்சு, உனக்கு எப்படி என்று பேசினார்கள். ரயிலில் தள்ளாடிக்கொண்டு இறங்குகிற புது ஆளை, மூணாவது வாரத்தில் இருக்கும் பழைய ஆள் பார்த்துக்கொண்டார். 1891இல் அவர்களே ஒரு கொல்லர் பட்டறையில் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கங்கே கிளைகள் ஆரம்பித்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இப்போ திரும்பிப் பார்த்து, டுவைட்டில் ஏதாவது வேலை செய்திருந்தால் அது இந்தப் பேச்சும் கூட்டமும்தான் என்கிறார்கள். நோட்டீஸ்ல தங்கம் இருந்தது. குணம் இருந்திருந்தா அது கொல்லர் பட்டறையில இருந்திருக்கு.

கீலியாவது ஒரு இடத்தில் உட்காரவைத்துச் செய்தார். அதே காலத்தில் தபாலில் பாட்டில் அனுப்பியே பழக்கத்தை நிறுத்துகிறேன் என்றவர்கள் ஏராளம். இண்டியானா மாநிலத்தில் சாமுவேல் காலின்ஸ் என்பவர், கொத்தனார் வேலை செய்தவர், அபின் பழக்கத்துக்கு வலியே இல்லாத மாற்று மருந்து என்று ஒன்றை விற்றார். நிஜமாவே வலி இருக்காது, ஏன்னா அதுக்குள்ளே இருந்தது மார்ஃபின். 1905இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் கோலியர்ஸ் இதழில் இந்த மாதிரி மருந்துகளைத் தொடர் கட்டுரைகளாகத் தோலுரித்தார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. ஆல்கஹால், அபின், மார்ஃபின் இருந்தால் லேபிளில் போட்டாக வேண்டும்.

அடுத்து நியூயார்க் நகரம். சென்ட்ரல் பார்க்கை ஒட்டி ஒரு பணக்கார மருத்துவமனை, டவுன்ஸ் ஹாஸ்பிடல். நடத்தியவர் சார்லஸ் டவுன்ஸ். டாக்டர் இல்லை, இன்ஷூரன்ஸ் விற்றவர். பெல்லடோனா என்ற நச்சுச் செடியிலிருந்து எடுத்த சரக்கை வைத்து ஒரு சில நாள் வைத்தியம். பணம் முன்கூட்டியே. அவரும் தன் வெற்றி விகிதம் ரொம்ப ரொம்ப அதிகம் என்று சொல்லிக்கொண்டார். அதை எப்படிக் கணக்கிட்டார் என்பதுதான் எனக்கு இந்த எபிசோட்லயே பிடிச்ச விஷயம். சிகிச்சை முடிந்து போனவர் மறுபடி நம்மைத் தொடர்புகொள்ளவில்லை என்றால், அவருக்கு நம் உதவி தேவைப்படவில்லை என்று அர்த்தம். ஆக, அவர் குணமானவர்.

யோசிச்சுப் பாருங்க. கோபத்துல திரும்பி வராதவர், காசில்லாம வராதவர், செத்துப்போனவர், எல்லாரும் வெற்றிக் கணக்குல.

திரும்பித் திரும்பி வந்த ஒருத்தரும் உண்டு. பில் வில்சன், பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். அவருடைய மச்சான்தான் செலவை ஏற்றுக்கொண்டார். 1934 டிசம்பரில் கடைசியாகச் சேர்ந்தபோது அது அவருக்கு நாலாவது தடவை. அங்கே இருந்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் அவரிடம், இது உன் குணக்கேடு இல்லை, உன் உடம்பு குடியை ஏற்கிற விதமே வேறு என்று பொறுமையாகச் சொல்லிவந்தவர். அந்த நாலாவது தடவைக்குப் பிறகு வில்சன் குடிக்கவில்லை. சில மாசம் கழித்து ஒரு வேலை விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். வேலை ஊத்திக்கிச்சு. கை நடுங்குது, பாருக்குப் போயிடுவோமோன்னு பயம். யாராவது இன்னொரு குடிநோயாளியோட பேசணும் என்று போன் போட்டுத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். அந்த ரெண்டு பேரிடமிருந்து, 1935இல் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம்ம ஊர்ல ஏ.ஏ.ன்னு சொல்வாங்க. சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்குது, கட்டணம் கிடையாது.

நாலு தடவை உள்ளே போனவர் நிலைத்தது, வெளியே ஒருத்தரோட பேச ஆரம்பிச்ச பிறகு. டுவைட் கொல்லர் பட்டறை மாதிரியேதான்.

இப்போ கதை அரசாங்கத்துக்கிட்டே திரும்பப் போகுது. அதே 1935இல், கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான இடம் திறந்தார்கள். சுமார் ஆயிரம் ஏக்கர். பால் பண்ணை, வயல், தையல் கூடம் எல்லாம் உண்டு. பேரே 'நார்கோட்டிக் ஃபார்ம்'. பாதி ஜெயில், பாதி ஆஸ்பத்திரி. தண்டனை பெற்று வந்தவர்களும், தானாக வந்து சேர்ந்தவர்களும் ஒரே கட்டடத்தில். ஜாஸ் உலகத்தில் பாதிப் பேர் அங்கே போய்வந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சோனி ரோலின்ஸ் 1955இல் தானாகப் போய்ச் சேர்ந்து, ஹெராயினை விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய பேர்பெற்ற ஆல்பங்கள் வந்தன.

ஆனா ரோலின்ஸ் ஒரு விதிவிலக்கு. லெக்சிங்டன் செய்த ஒரு நல்ல காரியம், வெளியே போனவர்களைத் தேடிப்போய் எண்ணியது. 1962இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கிருந்து நியூயார்க் திரும்பிய ஆயிரத்து தொள்ளாயிரம் பேர் அளவில் கணக்கெடுத்தார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் மறுபடி பழக்கத்துக்குப் போயிருந்தார்கள்.

ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. போய்ப் பார்க்காம எண்ணின கீலிக்கு 95 சதவீதம் வெற்றி. போய்ப் பார்த்து எண்ணின லெக்சிங்டனுக்கு 90 சதவீதம் தோல்வி. எங்க பெரியம்மா கையில இந்த ரெண்டு நோட்டீஸும் கிடைச்சிருந்தா எதைத் தேர்ந்தெடுத்திருப்பாங்க? நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன்?

இதிலும் ஒரு பின்குறிப்பு இருக்கு. ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவர் லெக்சிங்டனில் இருந்த நூறு பேரை இருபது வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார். கடைசியில் அவர்களில் மூணில் ஒரு பங்குக்கும் மேல் நிலையாக விட்டிருந்தார்கள். கால்வாசிக்கு நெருக்கமானவர்கள் இறந்திருந்தார்கள். ஒரு தடவை உள்ளே இருந்துவிட்டு வருவது தனியாகப் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. வெளியே வந்த பிறகு ஒரு வருஷமாவது யாரோ ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டது நல்ல வித்தியாசம் செய்தது. விட்டவர்களும் முதல் தடவையே விட்டவர்கள் இல்லை.

லெக்சிங்டனில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. கைதிகள்மேல் போதைப்பொருள் சோதனைகள் செய்தார்கள், அதற்குக் கூலியாகச் சில சமயம் போதைப்பொருளே கொடுத்தார்கள். ஹாரிஸ் இஸ்பெல் என்பவரின் குழு பத்துப் பேருக்கு வாரக்கணக்கில் சாராயம் கொடுத்துக் குடிக்கவைத்து, திடீரென நிறுத்தியது. நிறைய நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. 1955இல் இது வெளியானது. அதுவரைக்கும் குடிகாரருக்கு வருகிற வலிப்பு குடியாலா, சத்துக் குறைவாலா என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. காரணம், குடியைச் சட்டென நிறுத்துவது. அது ஆளைக் கொல்லவும் கூடும். இன்னிக்கு அந்தச் சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அதிலிருந்து கிடைத்த விஷயம் தெரியாத மையங்கள் இன்னும் இருக்கு.

எப்படித் தெரியும்? எங்க அண்ணனைக் கொண்டுபோன இடத்தில் டாக்டர் கிடையாது. பத்து வருஷம் தினமும் குடிச்ச ஆளை முதல் நாளே ஒரு ஹாலில் படுக்க வைத்தார்கள். ரெண்டாவது ராத்திரி அவனுக்கு ஃபிட்ஸ் வந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒருத்தர், அவரும் சிகிச்சைக்கு வந்தவர்தான், அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடிச்சுக்கிட்டார். எங்களுக்கு இது தெரிய மூணு மாசம் ஆச்சு, ஏன்னா போன் பேச அனுமதி இல்லை. 'மருந்தே இல்லாத வைத்தியம்' என்று நோட்டீஸில் பெருமையாகப் போட்டிருந்தது. அதை நாங்க நல்ல விஷயம்னு நினைச்சோம்.

மருந்து என்றதும் ஒரு சின்ன விலகல். மேரி நிஸ்வாண்டர் என்ற டாக்டர் இளம் வயதில் லெக்சிங்டனில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்தது அவரைத் தொந்தரவு செய்தது. பிறகு வின்சென்ட் டோலுடன் சேர்ந்து, ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்குத் தினமும் மெத்தடோன் கொடுத்து நிலைப்படுத்தும் முறையை 1965இல் வெளியிட்டார். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று இன்னிக்கும் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அபின் வகைப் பழக்கத்தில் சாவைக் குறைக்கிறது என்று திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டது இந்த வகைச் சிகிச்சைதான். இந்தியாவிலும் அரசு மையங்களில் இந்த வகை மருந்து கொடுக்கிறார்கள்.

கடைசியா ஒரு அமெரிக்கக் கதை, பூட்டின கதவைப் பற்றி. 1958இல் கலிஃபோர்னியாவில் சக் டெடெரிச் என்ற முன்னாள் குடிநோயாளி சினனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். டாக்டர் இல்லை, மருந்து இல்லை. பழக்கத்தில் இருந்தவர்களே சேர்ந்து வாழ்வார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழிப்பார்கள், அதற்கு 'விளையாட்டு' என்று பேர். ஆரம்பத்தில் எல்லோரும் கொண்டாடினார்கள். 1965இல் இதைப் பற்றி ஹாலிவுட் படமே வந்தது. இதைப் பார்த்து வேறு பல மையங்கள் உருவாயின.

1960களின் கடைசியில் டெடெரிச் ஒரு முடிவெடுத்தார்: இங்கிருந்து யாரும் தேறி வெளியே போக வேண்டியதில்லை. சிகிச்சை மையம் வாழ்நாள் சமூகமாயிற்று. பிறகு தன்னை மதம் என்று அறிவித்துக்கொண்டது. மொட்டை போடச் சொன்னார்கள். 1977இல் ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் கட்டாயம் என்றார்கள். 1978 அக்டோபரில், சினனானை எதிர்த்து ஒரு பெண்ணுக்காக வழக்கு நடத்தி வென்ற பால் மொரான்ட்ஸ் என்ற வக்கீல், தன் வீட்டுத் தபால் பெட்டிக்குள் கையை விட்டார். உள்ளே கிலுகிலுப்பைப் பாம்பு. சத்தம் வராமல் இருக்க வால் கிலுகிலுப்பையை வெட்டி எடுத்திருந்தார்கள். கடிபட்டு உயிர் பிழைத்தார். ரெண்டு மாசம் கழித்து டெடெரிச்சைக் கைது செய்யப் போலீஸ் போனபோது, குடியை விடவைக்கும் அமைப்பின் தலைவர் நல்ல போதையில் இருந்தார். சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம்.

வெளியே போற வழி இல்லாத இடம், அது எவ்வளவு நல்ல எண்ணத்துல ஆரம்பிச்சாலும், என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க கலிஃபோர்னியா வரைக்கும் போக வேண்டியதில்ல. ராமநாதபுரம் போதும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தர்காவைச் சுற்றியிருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் எரிந்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடி டி-அடிக்‌ஷன் சென்டர் இல்லைதான். ஆனா அங்கே ஆட்களைச் சேர்த்தவங்களும் எங்களை மாதிரிக் குடும்பங்கள்தான். களைச்சுப்போய், வேற வழி தெரியாம, யாராவது பார்த்துக்கிட்டா போதும்னு விட்டுட்டு வந்தவங்க.

இன்னொரு பக்கமும் நம்ம ஊர்ல இருக்கு. சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, குடிநோயில் தன் கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். அமெரிக்காவில் பயிற்சி எடுத்துத் திரும்பி, 1980இல் சென்னையில் கணவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். டிடிகே ஹாஸ்பிடல் என்று நமக்கெல்லாம் தெரிகிற இடம் அதிலிருந்து வந்தது. நோயாளிக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கும் தனியாகச் சிகிச்சை என்பதை இங்கே பழக்கப்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். மனைவியும் அம்மாவும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். எங்களை 2019இல் யாரும் அப்படி உட்கார வைக்கவில்லை. கேட்டது முன்பணம் மட்டும்தான்.

சட்டமும் மாறியது. 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடி, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதனால் அவற்றுக்கு ஆளைச் சேர்த்து வைத்துச் சிகிச்சை செய்யும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். முடிந்தவரை ஆள் தானாக விரும்பிச் சேர வேண்டும், அப்படிச் சேர்ந்தவர் கேட்டால் வெளியே போகலாம். அவரால் முடிவெடுக்க முடியாத மோசமான நிலை என்றால் மட்டும் அவர் சார்பில் வேறொருவர் சேர்க்கலாம். அதற்கும் மனநல மருத்துவர் உட்பட ரெண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் முப்பது நாள் வரைதான். அதற்கு மேல் என்றால் மறுபரிசோதனை, வாரியத்தின் அனுமதி. போன் பேசவும், வருகிறவர்களைப் பார்க்கவும் உள்ளே இருப்பவருக்கு உரிமை உண்டு. இந்தச் சட்டம் 2018 மே மாசமே அமலுக்கு வந்துடுச்சு. எங்க வீட்டுக்கு வண்டி வந்தது 2019ல.

மூணு மாசம் கழிச்சு அண்ணன் வந்தான். பாதியா இளைச்சிருந்தான். பதினோராவது நாள் குடிச்சான். மையத்துக்குப் போன் பண்ணினோம். "நாங்க சரி பண்ணித்தான் அனுப்பினோம். அவருக்கு மனசு இல்லைங்க. இன்னும் ஒரு மூணு மாசம் போட்டுப் பார்ப்போம்"னு பதில் வந்தது. அன்னிக்கு எனக்கு டாக்டர் கீலி யாருன்னே தெரியாது.

2021ல் அண்ணனே வந்து, எங்கேயாவது போகலாம்னு இருக்கேன்டா, கூட வர்றியான்னு கேட்டான். இந்தத் தடவை சேர்றதுக்கு முன்னாடி மூணு இடம் போய்ப் பார்த்தோம். முதல் இடத்தில் வெற்றி விகிதம் 98 சதவீதம் என்றார்கள். ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேருக்குப் போன் பண்ணி விசாரிச்சீங்கன்னு கேட்டேன். எங்களை வெளியே அனுப்பாத குறைதான். ரெண்டாவது இடத்தில் பதிவு எண் கேட்டதுக்கு, அப்ளை பண்ணியிருக்கோம் என்றார்கள். மூணாவது ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கூட்டம், ஃபேன் சத்தம், சுவரெல்லாம் பெயின்ட் உரிஞ்சிருந்தது. முதல் பத்து நாள் இங்கே ஊசி மருந்தோட நடுக்கத்தைத் தாண்டணும், அப்புறம் வாரம் ஒரு தடவை வரணும், வீட்ல ஒருத்தரும் கூட வரணும், மறுபடி குடிச்சாலும் வரணும் என்று அந்த டாக்டர் சொன்னார். எத்தனை பேர் சரியாவாங்க டாக்டர்னு பெரியம்மா கேட்டாங்க. "முதல் தடவையே நிறுத்தறவங்க கம்மிதாம்மா"ன்னார். பெரியம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கல.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நான் போகணும்னு சொன்னா விடுவீங்களா?"

"விடுவோம். ஆனா ஒரு நாள் எங்களோட பேசிட்டுப் போங்க"ன்னார்.

அவனே பையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போனான். அதுக்கப்புறம் இந்த வருஷங்கள்ல ரெண்டு தடவை குடிச்சிருக்கான். ரெண்டு தடவையும் மறுநாளே அங்கே போயிருக்கான். இப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏ.ஏ. கூட்டம், அதைத் தவறவிடறதில்ல.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரிப்டை அவன்கிட்ட கொடுத்தேன். பேர் வரலைல்ல, அப்புறம் என்னன்னான். படிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னான். "அன்னிக்கு வண்டி வரும்னு எனக்கு ராத்திரியே தெரியும்டா. அம்மா உன்கிட்ட போன்ல பேசினது கேட்டுச்சு."

அப்போ ஏன் ஓடலைன்னு கேட்டேன்.

"போலாம்னுதான் இருந்தேன். நீ எங்கிட்ட சொல்லுவேன்னு பார்த்தேன். நீ கிரிக்கெட் பேசிக்கிட்டே இருந்த."

யாருக்காவது இப்போ தேவைப்பட்டால்: மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். நிறைய நாளாகத் தினமும் குடிப்பவர் வீட்டில் இருந்தால், டாக்டரைப் பார்க்காமல் சட்டென நிறுத்த வைக்காதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே போய்க் கேட்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.